கண்டறியப்பட்டது

மார்ச் 3

குட்டிக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க எனக்கு இப்போ வாய் வரலை. நாலு நாளா போன் பண்றேன், நீ எடுக்கலை. உன் அண்ணன் பண்ணினாலும் எடுக்கலை. நீ போய் இருக்கிற வீட்டுச் சித்திதான், "சாப்பிடுறா, தூங்குறா, பேச மட்டும் மாட்டேங்கிறா"ன்னு சொன்னாங்க. அதனாலதான் கடிதம். இதை நீ கிழிச்சும் போடலாம். கிழிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சிடு.

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுறேன். எனக்கே இப்போ வரிசை குழம்புது.

போன திங்கட்கிழமை காலையில நீ சமைக்கிற விளையாட்டு விடுதியில இருந்து பதினொரு பொண்ணுங்களோட சாம்பிள் எங்க லேப்புக்கு வந்துச்சு. எல்லாருக்கும் பேதி, நிறைய பேருக்குக் காய்ச்சல். உயரம் தாண்டுற பொண்ணு, நீ நெட்டைன்னு சொல்லுவியே, அவளுக்கு உதறல் வேற. ஆறு மாசம் முன்னாடி வந்த புது மெஷின்ல போட்டேன். உனக்குச் சொல்லியிருக்கேன். முன்னெல்லாம் கிருமியைத் தட்டுல வளர்த்துப் பார்க்க மூணு நாள், நாலு நாள் ஆகும். இது கிருமியை வளர்க்கிறதில்லை, அதோட மரபணுவைத் தேடுது. ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில சாம்பிளை ஏத்தி உள்ளே வெச்சா ஒரு மணி நேரம். இருபத்திரண்டு கிருமியோட பேரை வரிசையாப் போட்டு, ஒவ்வொண்ணுக்கும் நேரா 'கண்டறியப்பட்டது', இல்லேன்னா 'கண்டறியப்படவில்லை'ன்னு சொல்லிடும்.

ஒன்பது பேருக்கு சால்மோனெல்லாங்கிற பேதிக் கிருமி. ரெண்டு பேருக்கு எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை சுகாதார ஆய்வாளர் சமையல்கட்டு ஆட்கள் ஆறு பேரோட சாம்பிளையும் அனுப்பினார். உடம்புக்கு ஒண்ணும் இல்லாதவங்களும் குடுக்கணும்னு சொல்லியிருக்கார். மூணாவது டப்பாவுல உன் பேர் இருந்துச்சு. ஒரு மணி நேரம் கழிச்சு அந்த வரி வந்துச்சு. சால்மோனெல்லா, கண்டறியப்பட்டது. மத்த அஞ்சு பேருக்கும் இல்லை.

ரிப்போர்ட்ல கையெழுத்து போட்டது நான்தான். புதன்கிழமை காலையில அது விடுதிக்குப் போச்சு. அதுக்கப்புறம் அங்க நடந்தது உனக்குத்தான் தெரியும். நான் நாலு பேர் சொல்லிக் கேட்டதுதான்.

ஒண்ணு மட்டும் நம்பு. அந்த வரிக்கு அர்த்தம் நீதான் பொண்ணுங்களுக்குக் குடுத்தேங்கிறது இல்லை. மெஷின் இருக்கான்னு மட்டும்தான் பார்க்கும். அந்தக் கிருமி உயிரோட இருக்கா, செத்துப்போனதா, எப்போ வந்துச்சு, யாருகிட்ட இருந்து யாருக்குப் போச்சு, இதெல்லாம் அதுக்குத் தெரியாது. வார்டனம்மாகிட்ட போன்ல இதைத்தான் சொல்ல வந்தேன். "எனக்கு நீட்டி முழக்க வேண்டாம். இருக்கா, இல்லையா?"ன்னு கேட்டாங்க.

இருக்குன்னேன். இருந்துச்சே.

திட்டணும்னா திட்டு. ஆனா எழுது.

அண்ணி


மார்ச் 7

அண்ணிக்கு,

கிழிக்கலை. சித்தி பிரிச்சுப் படிச்சிட்டுத்தான் குடுத்தாங்க, அதனால கிழிச்சும் பிரயோஜனம் இல்லை. படிச்சு முடிச்சதுல இருந்து எனக்குத் தனித்தட்டு. "தப்பா எடுத்துக்காதடி, உனக்காகத்தான்"ங்கிறாங்க. எனக்காகன்னா என்ன அர்த்தம்னு நானும் யோசிச்சுப் பார்க்கிறேன்.

நாலு பேர் சொல்லிக் கேட்டேன்னு எழுதியிருக்கீங்க. அஞ்சாவதா நான் சொல்றேன், கேளுங்க. புதன்கிழமை காலையில பொண்ணுங்க வரிசையில நிக்கிறாங்க. நான் முட்டை உரிச்சு வெச்சுட்டு பால் ஊத்திட்டு இருக்கேன். வார்டனம்மா வாயில துணியைக் கட்டிக்கிட்டு, கையில ஒரு காகிதத்தோட வந்து, "அந்தக் கரண்டியைக் கீழே வைங்க"ன்னாங்க. என்னன்னு கேட்டேன். "வைங்க முதல்ல"ன்னாங்க. வெச்சேன். ஏப்ரனைக் கழட்டச் சொன்னாங்க. பாத்திரம் தேய்க்கிறவ கையுறை போட்டுக்கிட்டு அதை ஒரு பையில அள்ளிப்போட்டா. ஊத்தின பாலை எல்லாம் எனக்கு முன்னாடியே சாக்கடையில கொட்டினாங்க. பதினோரு வருஷம் நான் சமைச்ச இடம் அண்ணி அது. எழுந்து நடக்க முடிஞ்ச பொண்ணுங்க அத்தனை பேரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. குண்டு எறியிற பொண்ணு, பானைன்னு கூப்பிடுவோமே, அவ மட்டும், "அக்கா என்ன பண்ணினாங்க?"ன்னு கேட்டா. எனக்கும் தெரியலை.

சரி, அது அவங்க. உங்ககிட்ட நான் கேட்கிறது வேற.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நீங்க லேப்ல இருந்து வந்தப்போ நான் வெங்காயம் நறுக்கிட்டு இருந்தேன். செருப்பைக் கூடக் கழட்டாம நேரா வந்து, "குடு, நான் நறுக்குறேன், நீ போய் உட்காரு"ன்னு கத்தியை வாங்கினீங்க. உங்க வீட்டுக்கு வந்து பத்து வருஷத்துல முதல் தடவை. அண்ணிக்கு என்ன திடீர்னு இவ்வளவு பாசம்னு நினைச்சேன். அண்ணன்கிட்ட கூட சொன்னேன். அவரும் சிரிச்சார். எல்லாரும் சேர்ந்து சாப்பிட்டோம். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. எனக்குத் தெரியலை. அந்தக் கத்தியைக் கழுவி வெச்சீங்களா, தூக்கிப் போட்டீங்களா?

எனக்கு ஒரு நாள்கூட வயிறு வலிக்கலை. இது ஒண்ணு.

ரெண்டாவது, விழுந்தது மேல்மாடிப் பொண்ணுங்க. என் கையாலதான் போச்சுன்னா கீழ்மாடி எப்படித் தப்பிச்சுது? முப்பத்தெட்டு பேருக்கும் ஒரே அண்டா, ஒரே கரண்டி. மாடிக்கு ஒரு சமையல், கீழே ஒரு சமையல்னு நான் செய்யலை. பானை கீழ்மாடி. மத்தவங்க ஒரு தடவை வாங்கினா அவ மூணு தடவை வாங்குவா. சாப்பாட்டுல கோளாறுன்னா முதல்ல விழுந்திருக்க வேண்டியது அவ. அவ கல்லு மாதிரி நிக்கிறா. இதை உங்க மெஷின்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.

நெட்டை எப்படி இருக்கா? வேற எதுக்கும் பதில் போடலைன்னாலும் இதுக்குப் போடுங்க. இன்னொண்ணு, என்னைக் குட்டின்னு எழுதாதீங்க கொஞ்ச நாளைக்கு.

உங்க நாத்தனார்


மார்ச் 11

உனக்கு,

முதல்ல நெட்டை. பிழைச்சுட்டா. கிருமி ரத்தத்துல இறங்கியிருந்துச்சு. திங்கட்கிழமை மத்தியானமே மெஷின் பேர் சொன்னதால அன்னைக்கே டாக்டர் மருந்தை மாத்தினார். பழைய மாதிரி மூணு நாள் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு அவரே சொல்ல மாட்டேங்கிறார். இப்போ சாதா வார்டுல இருக்கா. காய்ச்சல் இல்லை. ஆனா இந்த வருஷப் போட்டிக்குப் போக முடியாது. பார்க்கப் போனேன். என்னை யாருன்னு அவளுக்குத் தெரியாது. சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்தா.

எனக்குப் புரியாதது இதுதான். அவளைக் காப்பாத்தினதும் அந்த மெஷின்தான், உன்னை நாலு பேர் முன்னாடி நிக்க வெச்சதும் அதே மெஷின்தான். ரெண்டுக்கும் பட்டனை அழுத்தினது நான். எதுக்குச் சந்தோஷப்படுறது, எதுக்கு அழுறதுன்னு தெரியாம லேப்ல ஒரு மாதிரி சுத்திக்கிட்டு இருக்கேன்.

கத்தியைக் கழுவினேன். சோப்பு போட்டு ரெண்டு தடவை.

ரிப்போர்ட் டாக்டருக்கும் ஆய்வாளருக்கும் விடுதிக்கும்தான் போகணும், வீட்டு ஆட்களுக்குச் சொல்லக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. அதைச் சொல்லித் தப்பிச்சுக்கலாம்னுதான் நினைச்சேன். ஆனா கத்தியை வாங்குன்னு எந்தச் சட்டமும் சொல்லலையே. உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல பயம். பக்கத்துல உட்கார்ந்து சாப்பிடவும் பயம். ரெண்டும் சேர்ந்து அப்படி ஒரு அசட்டு வேலை பண்ண வெச்சுது. நீ, "அண்ணி இன்னைக்கு என்ன ராஜகுமாரி மாதிரி கவனிக்கிறாங்க"ன்னு சிரிச்சப்போ நான் குனிஞ்சு சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே இருந்தேன்.

இப்போ குழப்பம் இன்னும் கூடியிருக்கு. எல்லா சாம்பிளையும் பழைய முறையில தட்டுலயும் வளர்த்தோம். ஒன்பது பொண்ணுங்களோடதும் முளைச்சுது. உன்னோடது முளைக்கலை. அஞ்சு நாள் பார்த்தாச்சு, ஒண்ணுமே இல்லை.

எங்க லேப்புக்குத் தலைமையா இருக்கிற பெரிய டாக்டரம்மாகிட்ட போய்க் கேட்டேன். "செத்த கிருமியோட மிச்சமா இருக்கலாம். ரொம்பக் கொஞ்சமா இருந்து முளைக்காம போயிருக்கலாம். இல்லேன்னா..."ன்னு சொல்லிட்டு என்னைப் பார்த்தாங்க. இல்லேன்னா என்னன்னு நான் கேட்கலை. அவங்களும் சொல்லலை.

மாடி விஷயத்தை ஆய்வாளர்கிட்ட சொன்னேன். அவர் இதுவரைக்கும் யார் எந்த மாடின்னு கேட்டதே இல்லை. பட்டியலை வாங்கிப் பார்த்தார். ஒன்பது பேரும் மேல்மாடி. அந்தப் பதினொண்ணுல ரெண்டு பேர் கீழ்மாடிதான், ஆனா அவங்களுக்குத்தான் மெஷின்ல எதுவுமே வரலை. மத்தவங்களைப் பார்த்துப் பயந்தே வயிறு கலங்கியிருக்குன்னார். "சமையல்காரம்மா கேட்டாங்களா இதை?"ன்னு ரெண்டு தடவை கேட்டுக்கிட்டார்.

அங்க இருக்கிற சுகாதார நிலையத்துல இன்னும் ரெண்டு சாம்பிள் குடு. ரெண்டு நாள் இடைவெளி விட்டு. எனக்காக வேண்டாம், உனக்காக.

உன் அண்ணன் என்கூடப் பேசி பன்னிரண்டு நாள் ஆச்சு. மெஷின்ல கோளாறுன்னு அவர் முடிவு பண்ணிட்டார். பழைய டிவி மாதிரி ரெண்டு தட்டு தட்டினா சரியாயிடும்னு நினைக்கிறார்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு,

சாம்பிள் குடுத்தாச்சு. அதைப் பத்திப் பேசவே கூடாதுன்னுதான் இருந்தேன், ஆனா உங்களைத் தவிர வேற யார்கிட்ட சொல்ல. டப்பாவைப் பையில வெச்சு, பைக்கு மேல இன்னொரு பை, அதுக்கு மேல சித்தி ஒரு துணிப்பையும் போட்டாங்க. பஸ்ல பக்கத்துல உட்கார்ந்த அம்மா, "என்ன, மகனுக்குச் சாப்பாடா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னு சொல்லிட்டேன். "குடுத்து வெச்சவன்"ன்னாங்க. இறங்குற வரைக்கும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். சிரிப்பு வருதா அழுகை வருதான்னு எனக்கே தெரியலை.

அங்க கவுன்டர்ல இருந்த ஆளு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "எதுக்கு டெஸ்ட்? என்ன வேலை பண்றீங்க?"ன்னு கேட்டான். சமையல்னு சொன்னேன். பின்னாடி நின்னவங்க ஒரு அடி தள்ளி நின்னாங்க.

இப்போ ஒண்ணு சொல்லணும். ரெண்டு நாளா எழுதிக் கிழிச்சு எழுதிக் கிழிச்சு இதுதான் நாலாவது காகிதம்.

போன கடிதத்துல வயிறு ஒரு நாள்கூட வலிக்கலைன்னு எழுதினேன். பொய்.

பொண்ணுங்க விழுறதுக்கு ஒரு மூணு வாரம் முன்னாடி எனக்கு ரெண்டு நாள் வயித்தால போச்சு. நல்லாவே போச்சு. வீட்டுல சொல்லலை, விடுதியிலயும் சொல்லலை. அந்த வாரம்தான் மாநிலத் தேர்வுப் போட்டிக்குப் பொண்ணுங்க கிளம்புறாங்க. காலையில நாலு மணிக்கே சாப்பாடு கட்டணும். எனக்குப் பதிலா நிக்க ஆள் கிடையாது. உடம்பு சரியில்லைன்னு சொன்னா சமையல்கட்டுக்குள்ள விட மாட்டாங்க, அதுதான் விதி, எனக்குத் தெரியும். நல்லாக் கை கழுவினா போதும்னு நினைச்சேன். நிஜமாவே கழுவினேன் அண்ணி. தோல் உரியிற வரைக்கும் கழுவினேன். மூணாவது நாள் சரியாப் போச்சு. நானே மறந்துட்டேன்.

மறந்துட்டேன்னு எழுதுறேன் பாருங்க. அதுவும் பொய்தான். வார்டனம்மா கரண்டியைக் கீழே வைக்கச் சொன்ன அந்த நிமிஷமே ஞாபகம் வந்துடுச்சு. அதனாலதான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாம ஏப்ரனைக் கழட்டினேன். எல்லாரும் என்னைப் பாவம்னு நினைச்சாங்க. நான் உங்க மேல அவ்வளவு கோபப்பட்டதுல பாதி இதை மூடி மறைக்கத்தான்.

கீழ்மாடி தப்பிச்சுதேன்னு பிடிச்சுத் தொங்கிக்கிட்டு இருக்கேன். ஆனா என்னாலதான் நெட்டை அந்தக் கட்டில்ல கிடந்தாளோன்னு ஒரு பக்கம் அரிக்குது. மூணு வாரம் கழிச்சும் ஒருத்தர்கிட்ட இருந்து போகுமா? முளைக்கலைன்னா போகாதா? ஒண்ணும் புரியலை. உங்களுக்குப் புரிஞ்சா எனக்குப் புரியிற மாதிரி எழுதுங்க. அண்ணன்கிட்ட சொல்லாதீங்க.

குட்டி


மார்ச் 15

உனக்கு,

உன் பதிலுக்குக் காத்திருக்காம எழுதுறேன். காத்திருந்தா தைரியம் போயிடும்.

பெரிய டாக்டரம்மா, 'இல்லேன்னா'ன்னு நிறுத்தினாங்கன்னு எழுதினேன் இல்லையா. அவங்க நிறுத்தின இடத்துல என்ன இருந்துச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும்.

செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சொல்றேன். அன்னைக்கு நெட்டையோட ரெண்டாவது சாம்பிளும் வந்திருந்துச்சு. அதைத் தயார் பண்ணி மெஷின்ல ஏத்திட்டு சமையல்கட்டு டப்பாக்களை எடுத்தேன். ஒவ்வொரு சாம்பிளுக்கும் நடுவுல கையுறையை மாத்தணும், மேஜையைத் துடைக்கணும். இந்த மெஷின் ரொம்பக் கூர்மை. கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி கையுறையில ஒட்டியிருந்து அடுத்த டப்பாவுக்குள்ள போனாலும் போதும், அதையும் கண்டுபிடிச்சு எழுதிடும்.

முதல் ரெண்டு பேரோடதைப் பையில ஏத்தி முடிச்சேன். ரெண்டுக்கும் மாத்தினேன். மூணாவது டப்பாவை எடுக்கப் போறப்போ மெஷின் சத்தம் போட்டுச்சு, நெட்டையோட பை சரியா உட்காரலைன்னு. அதை வெளியே எடுத்துத் திரும்ப அழுத்தி வெச்சேன். திரும்பி வந்து டப்பாவை எடுத்தேன். உன் பேரைப் பார்த்தேன். அதுக்கப்புறம் கையுறை மாத்தினேனான்னு எனக்கு ஞாபகம் இல்லை.

இருபது நாளா யோசிக்கிறேன். சில நேரம் மாத்தின மாதிரி தெளிவா ஞாபகம் வருது, பழசைக் குப்பையில போட்ட சத்தம்கூடக் கேட்குது. ஆனா அது முதல் டப்பாவோட ஞாபகமா, ரெண்டாவதோடதா, பதினஞ்சு வருஷமா தினம் பண்றதுல ஏதோ ஒரு நாளோடதான்னு பிரிக்க முடியலை. சில நேரம் மாத்தவே இல்லைன்னு சத்தியம் பண்ணலாம் போல இருக்கு. உன் பேரைப் பார்த்தது மட்டும்தான் நிச்சயம்.

சந்தேகம் இருந்தா அந்த சாம்பிளைத் திரும்ப ஓட்டணும். ஓட்டலை. சொந்தக்காரின்னு திரும்ப ஓட்டினா, உன்னைக் காப்பாத்தப் பார்க்கிறேன்னு சொல்லுவாங்களோன்னு நினைச்சேன். நியாயமா இருக்கணும்னு நினைச்சு உனக்கு மட்டும் அநியாயம் பண்ணிட்டேனோ என்னவோ. இப்போ அந்த டப்பாவும் இல்லை. பத்து நாள்ல எல்லாத்தையும் அழிச்சிடுவாங்க.

ஆக, உனக்குள்ள அந்தக் கிருமி இருந்துச்சா, என் கையில இருந்து போச்சான்னு இனிமே யாராலும் சொல்ல முடியாது. நாளைக்குப் பெரிய டாக்டரம்மாகிட்ட சொல்லப் போறேன். சொன்னா என்ன ஆகும்னு தெரியலை. உனக்கு முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. போன தடவை கடைசியாத்தானே சொன்னேன். சொல்லக்கூட இல்லை.

அண்ணி


மார்ச் 20

அண்ணிக்கு,

நம்ம கடிதம் ரெண்டும் வழியில ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. நான் என் தப்பைச் சொல்லிட்டு உங்க பதிலுக்குக் கதவையே பார்த்துக்கிட்டு இருக்கேன். வந்த கடிதத்தைப் பிரிச்சா அதுல உங்க தப்பு. ரெண்டு தடவை படிச்சேன். எந்தக் கேள்விக்கு இது பதில்னே முதல்ல விளங்கலை.

கோபம் வந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப வந்துச்சு. கையுறையை மாத்தாத ஒரு நிமிஷத்துக்கு என்னோட பதினோரு வருஷமான்னு தோணுச்சு. சித்திகிட்ட வெடிச்சேன். அவங்க பயந்துபோய் தனித்தட்டை எடுத்து உள்ளே வெச்சுட்டாங்க. அந்த ஒரு நல்லது நடந்துச்சு.

கொஞ்ச நேரம் கழிச்சு சந்தோஷம் வந்துச்சு. உங்க கையில இருந்துதான் வந்துச்சுன்னா நான் சுத்தம். நெட்டைக்கு நான் ஒண்ணும் பண்ணலை. அப்புறம் யோசிச்சேன். அப்போ அந்த ரெண்டு நாள் எனக்கு எதனால போச்சு? அது வேற ஏதாவதா? நீங்க கையுறை மாத்தியிருந்தா? உங்களுக்கே தெரியலைங்கிறீங்க. நீங்க தப்பு பண்ணியிருக்கணும்னு நான் வேண்டிக்கிறதா, பண்ணலைன்னு வேண்டிக்கிறதா? நீங்க நல்லவங்கன்னா நான் கெட்டவ, நான் நல்லவன்னா நீங்க கெட்டவங்கங்கிற மாதிரி ஆயிடுச்சு. ரெண்டு பேருமே கெட்டவங்களா இருக்கவும் வழி இருக்கு. ரெண்டு பேருமே ஒண்ணும் பண்ணாம இருக்கவும் வழி இருக்கு. சமையல்ல உப்பு கூடிட்டா யார் போட்டதுன்னு தெரியாட்டியும் கூடிடுச்சுன்னாவது தெரியும். இதுல அதுகூடத் தெரியலையே.

இங்க குடுத்த ரெண்டு சாம்பிளும் வந்தாச்சு. இங்கேயும் உங்க மெஷின் மாதிரி ஒண்ணு வந்திருக்காம். கண்டறியப்படவில்லை. ரெண்டு தடவையும். காகிதத்தை வாங்கிக்கிட்டு, "அப்போ போன மாசம் இருந்துச்சா இல்லையா?"ன்னு கேட்டேன். "அம்மா, இது இன்னைக்குத்தான் சொல்லும், போன மாசத்தைச் சொல்லாது"ன்னான் கவுன்டர் ஆளு. அவன் சொன்னதுதான் இதுவரைக்கும் எனக்குப் புரிஞ்ச ஒரே விஷயம்.

டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டீங்களா? சொல்லலைன்னா யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்கும் வேலை போனா அண்ணன் ஒருத்தர் சம்பளத்துல வீடு ஓடாது. நான் உங்க மேல கோபமா இருக்கேன், அதுக்காக நீங்க கெட்டுப்போகணும்னு இல்லை.

குட்டி


மார்ச் 27

குட்டிக்கு,

எழுதலாம்ல இப்போ அப்படி? கையெழுத்துல நீயே போட்டிருக்கே.

நிறைய இருக்கு. ஒண்ணொண்ணா சொல்றேன்.

உன் கடிதம் வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். பதினாறாம் தேதி காலையில போய் டாக்டரம்மா அறைக் கதவை மூடிட்டுச் சொன்னேன். "அன்னைக்கே வந்திருந்தா திரும்ப ஓட்டியிருக்கலாம்"ன்னாங்க. "தெரியும்"ன்னேன். வேலை போகலை. மூணு மாசத்துக்கு அந்த மெஷினைத் தொடக் கூடாது, திரும்பப் பயிற்சி எடுக்கணும். இப்போ ரத்த டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கிட்டு இருக்கேன். லேப்ல எல்லாருக்கும் தெரியும். நான் உள்ளே போனா பேச்சு நிக்குது. உனக்கு அந்தச் சமையல்கட்டுல எப்படி இருந்திருக்கும்னு இப்போ கொஞ்சம் தெரியுது. கொஞ்சம்தான்.

உன் ரிப்போர்ட்டைத் திருத்தி அனுப்பியாச்சு. 'முடிவை உறுதி செய்ய இயலவில்லை'ன்னு.

அடுத்தது மாடி. உன் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டு ஆய்வாளர் மேல்மாடிக்கே போயிருக்கார். தண்ணித் தொட்டி, குழாய், எல்லாம் பார்த்துட்டு ஒண்ணும் கிடைக்காம திரும்புறப்போ குளியலறைக் கதவுக்குப் பின்னாடி ஒரு துணி ஊற வைக்கிற தொட்டி. மேல துண்டு போட்டு மூடியிருக்கு. துண்டை எடுத்தா உள்ளே ஒரு ஆமை.

உள்ளங்கை அளவு ஆமை. யாரோ ஒருத்தியோட தோழி குடுத்ததாம். விடுதியில பிராணி வளர்க்கக் கூடாதுன்னு நாலு மாசமா ஒளிச்சு வெச்சிருக்காங்க. ஓட்டப் பந்தயத்துக்குப் போறதுக்கு முன்னாடி அதைத் தொட்டுட்டுப் போனா ஜெயிப்பாங்களாம். "ஆமையைத் தொட்டுட்டா?"ன்னு ஆய்வாளர் கேட்டாராம். "அது மெதுவா போகும், அதோட வேகத்தை எல்லாம் எங்களுக்குக் குடுத்துடும்"னு ஒரு பொண்ணு விளக்கம் சொல்லியிருக்கா. அவரால சிரிக்காம இருக்க முடியலை.

ஆமை மேல சால்மோனெல்லா இருக்கிறது சகஜம். அதுக்கு ஒண்ணும் ஆகாது, தொடுறவங்களுக்குத்தான். தொட்டித் தண்ணியை எங்க லேப்ல வளர்த்தாங்க. முளைச்சுது. அதையும் பொண்ணுங்களோடதையும் பெரிய ஊர் லேப்புக்கு அனுப்பி ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாங்க. நேத்து வந்துச்சு. ரெண்டும் ஒரே வகை. ஒன்பது பேருக்கும் அங்க இருந்துதான் வந்திருக்கு.

உன்கிட்ட இருந்து இல்லை. இதை ரெண்டு தடவை படிச்சுக்கோ.

ஆனா உன் கேள்விக்கு முழுப் பதில் இன்னும் இல்லை. ஞாயித்துக்கிழமை மத்தியானம் நீ இல்லாதப்போ ஆமைத் தொட்டியைக் கீழே கொண்டுவந்து சமையல்கட்டுக்குப் பின்னாடி இருக்கிற தொட்டியிலதான் கழுவுவாங்களாம். நீ பாத்திரம் ஊற வைக்கிற அதே இடம். அந்த ரெண்டு நாள் உனக்குப் போனது அதனால இருக்கலாம். அப்படின்னா மெஷின் சொன்னது சரி, உனக்கு இருந்துச்சு, உனக்கு வந்துச்சு. இல்லே, நான் கையுறை மாத்தாம இருந்திருக்கலாம். உன்னோடது தட்டுல முளைக்காததால ஒப்பிட்டுப் பார்க்க ஒண்ணும் இல்லை. டாக்டரம்மாகிட்ட கேட்டேன். "இதுக்கு மேல கிடைக்காது"ன்னாங்க.

உன் ரகசியத்தை நான் யாருக்கும் சொல்லலை. டாக்டரம்மாகிட்ட கேட்டது கூட, யாரோ ஒருத்தருக்குன்னுதான். உன் அண்ணன்கிட்ட என் தப்பை மட்டும் சொன்னேன். "அப்போ மெஷின்ல கோளாறு இல்லையா?"ன்னு கேட்டார். இல்லைன்னேன். ஒரு மாசத்துல அதுதான் அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை. இப்போ ஞாயித்துக்கிழமை உன்னைப் பார்க்க வரேங்கிறார்.

வார்டனம்மா உன்னைக் கூப்பிடுவாங்க. உன் இஷ்டம்.

அண்ணி


ஏப்ரல் 5

அண்ணிக்கு,

அண்ணன் வந்துட்டுப் போனார். என் துணியெல்லாம் கொண்டு வந்தார். நான் திரும்பி வருவேன்னு நினைச்சிருந்தா எதுக்குத் துணி கொண்டு வரணும்னு கேட்டேன். முழிச்சார்.

வார்டனம்மா போன் பண்ணினாங்க. நேர்ல வாங்கன்னாங்க. வியாழக்கிழமை போனேன். உங்களுக்குச் சொல்லாமத்தான் போனேன், மன்னிச்சுக்குங்க, வீட்டுப் பக்கம் வந்தா காலு உள்ளே இழுத்துடும்னு தெரியும்.

நாற்காலி போட்டு உட்கார வெச்சாங்க. தப்பு நடந்துடுச்சு, அவசரப்பட்டுட்டோம், பொண்ணுங்க முன்னாடியே சொல்லிடுறேன், திங்கட்கிழமையில இருந்து வாங்கன்னாங்க. ஆமைக் கதையைச் சொன்னாங்க. எல்லாத்துக்கும் தலையாட்டினேன். சரின்னு எழுந்தேன். கதவு வரைக்கும் போயிட்டேன். எழுந்தவ அப்படியே போயிருக்கலாம். முடியலை.

திரும்பி வந்து, "அம்மா, பிப்ரவரி தொடக்கத்துல எனக்கு ரெண்டு நாள் பேதி. சொல்லாம சமைச்சேன்"னேன்.

அவங்க என்னையே பார்த்தாங்க. "இதை ஏன் இப்போ சொல்றீங்க? எல்லாம் முடிஞ்சு போச்சே"ன்னாங்க.

"முடிஞ்சதாலதான் சொல்ல முடியுது. என்கிட்ட இருந்து போகலைன்னு ஆயிடுச்சு. ஆனா போயிருக்கலாம். அடுத்த தடவை போகலாம்"னேன்.

"அப்போ என்ன பண்ணச் சொல்றீங்க?"

"எனக்கு உடம்பு முடியலைன்னா நிக்க ஒரு ஆள் வேணும். அது இல்லாததாலதான் மறைச்சேன்."

ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கிட்டு இருந்தாங்க. கோபமா, யோசனையான்னு தெரியலை. கடைசியில, "ஒரு வாரம் டைம் குடுங்க. நிர்வாகத்துல கேட்கணும்"னாங்க. திங்கட்கிழமை வாங்கன்னது போச்சு. வெளியே வந்தப்போ நான் பண்ணினது புத்திசாலித்தனமா முட்டாள்தனமான்னு எனக்குப் புரியலை. இப்பவும் புரியலை.

கிளம்புறதுக்கு முன்னாடி மேல்மாடிக்குப் போய் நெட்டையைப் பார்த்தேன். விடுதிக்குத் திரும்பிட்டா, திடமா இருந்த பொண்ணு பாதியா இளைச்சுப் போயிருக்கா. என்னைப் பார்த்ததும் அழுதா. ஆமையைக் கொண்டு வந்தது அவதானாம். தன்னாலதான் எல்லாருக்கும் வந்துச்சு, தன்னாலதான் என் வேலை போச்சுன்னு ஒரு மாசமா யார்கிட்டயும் சொல்லாம சுவத்தைப் பார்த்துப் படுத்திருந்திருக்கா. நீங்க பார்த்தீங்களே, அதுதான். பாருங்க அண்ணி, நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், இவ ஒரு பக்கம். மூணு பேரும் தனித்தனியா ஒரே பழியைத் தூக்கிக்கிட்டு திரிஞ்சிருக்கோம்.

"அக்கா, உங்களுக்கு என்கிட்ட இருந்துதான் வந்துச்சா?"ன்னு கேட்டா.

"தெரியாது"ன்னேன். "எனக்கு வந்துச்சான்னே தெரியாது."

"தெரியாம எப்படி இருக்க முடியும்?"னா.

பக்கத்துல உட்கார்ந்து தலையைத் தடவிக் குடுத்தேன். அவ கொஞ்ச நேரத்துல தூங்கிட்டா.

ஞாயித்துக்கிழமை வரேன். வேலை கிடைக்குதோ இல்லையோ, வீட்டுக்கு வரேன். ஆனா ஒண்ணு சொல்லிடுறேன். எனக்கு உங்க மேல கோபம் இன்னும் முழுசாப் போகலை. நீங்க கையுறை மாத்தலைங்கிறதுக்காக இல்லை. அன்னைக்குச் சாயங்காலம் பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு சொல்லாம இருந்தீங்களே, அதுக்குத்தான். அந்தக் கோபமும் என்கூடவே வரும். ஒரு பத்து நாள் தங்கும், முகத்தைத் தூக்கி வெச்சுக்கும், யாரு என்ன கேட்டாலும் பதில் சொல்லாது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க சோத்தைப் போட்டுட்டு உங்க வேலையைப் பாருங்க. அதுவா ஒரு நாள் போயிடும்.

குட்டி